போஸ்ட்கிரெஸ் 17: உள்வினவல், ஜாயின், வரிசைப்படுத்தல் ஆகியவற்றில் அதன் திறன்

தரவுத்தளத்தோடு வேலை செய்யத் தொடங்கும் எவருக்கும் முதல் சில வாரங்களிலேயே மூத்தவர் ஒருவர் சொல்லிவிடும் விதி ஒன்று உண்டு: உள்வினவல் எழுதாதே, ஜாயின் எழுது, அதுதான் வேகம். வினவல் என்பது தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்வி; அதற்குள் எழுதப்படும் மற்றொரு வினவலே உள்வினவல்; இரண்டு அட்டவணைகளின் பதிவுகளைப் பொருத்தி இணைப்பது ஜாயின். இந்த விதியை முன்னால் வைத்துக்கொண்டு போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) என்னும் தரவுத்தளத்தை, குறிப்பாக அதன் 17ஆம் பதிப்பை, இங்கே மதிப்பிடுகிறேன். இதன் எல்லா வசதிகளையும் பற்றி இங்கே பேசப்போவதில்லை. நாம் எழுதும் வினவலை அது எவ்வாறு புரிந்துகொள்கிறது, எவ்வாறு மாற்றி எழுதிக்கொள்கிறது, வரும் விடையை எவ்வாறு வரிசைப்படுத்தித் தருகிறது என்ற ஒரே கோணம்தான் என் அக்கறை. என் முடிவை முன்பே சொல்லிவிடலாம்: கேட்க வேண்டியதை உள்ளபடியே கேட்பவருக்கு இந்தத் தரவுத்தளம் பெரும்பாலும் நியாயமான விடையை நியாயமான வேகத்தில் தருகிறது, அது தவறும் இடங்கள் சிலவே, அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும்.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் அதன் எல்லையும் விளங்கும். மைஎஸ்கியூஎல் என்னும் மற்றொரு தரவுத்தளத்தின் 5.5ஆம் பதிப்பு வரை, ஒரு மதிப்பு பட்டியலில் உள்ளதா என்று கேட்கும் 'இன்' என்ற சொல்லுக்குப் பின் ஓர் உள்வினவலை எழுதினால், அதை வெளி அட்டவணையின் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக ஓடி, பொருந்தும் பதிவு ஒன்றாவது உண்டா என்று கேட்கும் 'எக்சிஸ்ட்ஸ்' வடிவமாக அது மாற்றிக்கொண்டது. உள்ளே இருப்பது வெளியோடு எந்தத் தொடர்பும் இல்லாத சிறிய பட்டியலாக இருந்தாலும் நிலைமை அதுவே. வெளி அட்டவணையில் 10 லட்சம் பதிவுகள் இருந்தால் உள்வினவல் 10 லட்சம் முறை ஓடும். அதையே ஜாயினாக எழுதினால் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் இணையதளங்களின் பின்னணியில் மைஎஸ்கியூஎல் மிகப் பரவலாக இருந்ததால், ஒரு மென்பொருளின் ஒரு காலகட்டத்துக் குறை வினவல்களை எழுதப் பயன்படும் எஸ்கியூஎல் மொழிக்கே உரிய இலக்கணம்போலப் பதிந்துவிட்டது. 2013இல் வந்த 5.6ஆம் பதிப்பு, பொருத்தம் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் செமி ஜாயின் முறையையும், உள்வினவலின் விடையை ஒருமுறை மட்டும் கணக்கிட்டுத் தற்காலிக அட்டவணையில் வைத்துக்கொள்ளும் முறையையும் கொண்டுவந்தது. பின்னர் 8.0.17இல், பொருத்தமே இல்லாத பதிவுகளைத் தேடும் ஆன்டி ஜாயினும், 8.0.18இல், ஒரு பக்கத்து மதிப்புகளை விரைவாகத் தேடும்படி நினைவகத்தில் அடுக்கி (ஹாஷ் செய்து) பொருத்தும் ஹாஷ் ஜாயினும் சேர்ந்தன. ஆக, அந்த விதியின் காரணம் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் விதி மட்டும் நின்றுவிட்டது.

போஸ்ட்கிரெஸின் கதை வேறு. 2003இல் வந்த 7.4ஆம் பதிப்பிலேயே 'இன்' உள்வினவல்கள் ஹாஷ் முறையில் வேகமாக ஓடத் தொடங்கின. 2009இல் வந்த 8.4, 'எக்சிஸ்ட்ஸ்', 'நாட் எக்சிஸ்ட்ஸ்' ஆகிய இரண்டையும் முறையே செமி ஜாயினாகவும் ஆன்டி ஜாயினாகவும் மாற்றிக்கொள்ளக் கற்றது. ஒரு நூலகத்தின் தரவை எடுத்துக்கொள்வோம்: உறுப்பினர்கள் ஓர் அட்டவணை, இரவல்கள் மற்றோர் அட்டவணை. இந்த ஆண்டு ஒரு நூலாவது இரவல் வாங்கிய உறுப்பினர்கள் யார் என்பது கேள்வி. இதை 'எக்சிஸ்ட்ஸ்' கொண்டு எழுதினாலும் 'இன்' கொண்டு எழுதினாலும் போஸ்ட்கிரெஸ் பொதுவாக ஒரே செயல்திட்டத்தையே தருகிறது. அதாவது, ஒரு உறுப்பினருக்கு முதல் பொருத்தம் கிடைத்தவுடன் மேற்கொண்டு தேடாமல் அடுத்தவரிடம் போகும் செமி ஜாயின்.

விதியை நம்பி இதையே சாதாரண ஜாயினாக எழுதுபவருக்கு என்ன நேர்கிறது? 40 நூல்கள் வாங்கிய உறுப்பினர் 40 முறை வருவார். அதைச் சரிசெய்ய அவர், திரும்ப வரும் பதிவுகளை நீக்கும் 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லைச் சேர்ப்பார். உடனே தரவுத்தளம் பெருகிய பதிவுகளையெல்லாம் முழுதாக உருவாக்கி, அவற்றை வரிசைப்படுத்தியோ ஹாஷ் செய்தோ மீண்டும் சுருக்க வேண்டியிருக்கிறது. வேகத்துக்காக எழுதிய ஜாயின், தேவையில்லாத பெருக்கத்தையும் தேவையில்லாத வரிசைப்படுத்தலையும் ஒருசேர இழுத்துவருகிறது. வினவல்களைத் திருத்திப் பார்க்கும்போது, 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லைக் கண்டால் முதலில் அது அங்கே ஏன் இருக்கிறது என்றே கேட்கிறேன். பாதிக்குப் பாதி இடங்களில் அது ஜாயின் செய்த கேட்டை மறைக்க வந்ததாகவே இருக்கிறது. இரண்டாவது அட்டவணையின் புலம் எதுவும் விடையில் வேண்டாம் என்றால், 'எக்சிஸ்ட்ஸ்' என்பதே பொருளுக்கும் பொருந்தும், வேகத்துக்கும் பொருந்தும்.

வடிவத்தை மாற்றும்போது பொருள் மாறிவிடும் ஆபத்தும் இருக்கிறது. உள்வினவலை ஜாயினாக மாற்றும் முறைகளை வோன் கிம் 1982இலேயே முறைப்படுத்தி எழுதினார். ஆனால் எண்ணிக்கை கேட்கும் உள்வினவலை அம்முறைப்படி மாற்றினால் விடை தவறாகும் என்பதை அடுத்து வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். துறையில் இதைக் கவுன்ட் பிழை என்கிறார்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் எத்தனை இரவல்கள் என்று உள்வினவலாகக் கேட்டால், ஒன்றுமே வாங்காதவருக்கு 0 என்று வரும். அதையே, பொருந்தும் பதிவுகளை மட்டும் தரும் உள் ஜாயினும், பதிவுகளைத் தொகுக்கும் 'குரூப் பை'யும் சேர்த்து எழுதினால் அந்த உறுப்பினர் பட்டியலிலிருந்தே மறைந்துபோவார். பொருத்தம் இல்லாதவரையும் விடாத இடது வெளி ஜாயின் எழுதி, நட்சத்திரக் குறியை (அதாவது பதிவுகள் அனைத்தையும்) எண்ணாமல் இரவல் அட்டவணையின் புலத்தை எண்ணினால்தான் 0 திரும்பக் கிடைக்கும். நட்சத்திரத்தையே எண்ணினால் ஒன்றும் வாங்காதவருக்கு 1 என்று வந்துவிடும். வேகத்தை மட்டும் பார்த்து வினவலை மாற்றி எழுதும் பலர், பழைய விடையும் புதிய விடையும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

இனி போஸ்ட்கிரெஸின் குறைகளுக்கு வருவோம். முதலாவதும் பெரியதும் 'நாட் இன்'. உள்வினவலின் விடையில், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' ஒன்றே ஒன்று இருந்தாலும், எஸ்கியூஎல் தர்க்கப்படி 'நாட் இன்' எந்தப் பதிவையும் தராது. இந்தப் பொருளைக் காக்க வேண்டியிருப்பதால், 17ஆம் பதிப்பு இதை ஆன்டி ஜாயினாக மாற்றுவதில்லை. அந்தப் புலம் 'நல்' ஏற்காது என்று அட்டவணையிலேயே அறிவித்திருந்தாலும் மாற்றுவதில்லை. உள்வினவலின் விடை நினைவகத்தில் அடங்கும் என்று, செயல்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியான பிளானர் கணித்தால் அதை ஹாஷ் செய்துகொள்கிறது, வேகமும் பரவாயில்லை. அடங்காது என்று கணித்துவிட்டால், வெளிப் பதிவு ஒவ்வொன்றுக்கும் அந்தப் பட்டியலை முழுதாகத் துழாவத் தொடங்குகிறது. சோதனைத் தரவில் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்த வினவல், தரவு ஓர் எல்லையைத் தாண்டியவுடன் திடீரென்று மணிக்கணக்கில் ஓடுவதற்கு இதுவே காரணம். 'நாட் எக்சிஸ்ட்ஸ்' என்று எழுதினால் இந்தத் தொல்லை முழுதும் இல்லை. இந்த இடத்தில் மைஎஸ்கியூஎல் 8.0 ஒரு படி முன்னே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புலங்கள் 'நல்' ஏற்காதவை என்றால் அது 'நாட் இன்' வினவலையும் ஆன்டி ஜாயினாக்கிக்கொள்கிறது.

இரண்டாவது குறை, 'ஆர்' என்ற சொல்லுக்குக் கீழே வரும் 'எக்சிஸ்ட்ஸ்'. இந்த நிபந்தனையோ அல்லது அந்த 'எக்சிஸ்ட்ஸ்' நிபந்தனையோ என்று எழுதினால் பிளானர் செமி ஜாயினைக் கைவிட்டுவிடுகிறது. இரண்டு வினவல்களாகப் பிரித்து 'யூனியன்' கொண்டு சேர்ப்பதுதான் வழக்கமான தீர்வு.

மூன்றாவது, விடையில் வேண்டிய புலங்களைச் சொல்லும் 'செலக்ட்' பட்டியலில் எழுதப்படும் ஒற்றை மதிப்பு உள்வினவல். ஒவ்வொரு உறுப்பினரின் பெயரோடு அவர் கடைசியாக இரவல் வாங்கிய தேதியையும் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்கியூஎல் சர்வர் போன்ற வணிகத் தரவுத்தளங்கள் இத்தகைய உள்வினவலைத் தாமாகவே ஜாயினாக்கும் திறன் பெற்றவை. டக்டிபி என்னும் புதிய பகுப்பாய்வுத் தரவுத்தளம் வெளி வினவலோடு தொடர்புடைய உள்வினவல் எதுவாயினும் அதை ஜாயினாகப் பிரித்தெடுத்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்வதில்லை. நாம் எழுதியபடியே பதிவுக்கு ஒருமுறை அதை ஓட்டுகிறது. எல்லா உறுப்பினர்களையும் உள்ளடக்கிய ஆண்டறிக்கைக்கு இது உகந்ததன்று. அங்கே இரவல்களை ஒருமுறை 'குரூப் பை' செய்து ஜாயின் செய்வதே மேல்.

ஆனால் இதைக் குறை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் வரிசைப்படுத்தலும் உள்வினவலும் சந்திக்கும் மிகச் சுவையான இடம் இதுதான். ஆண்டறிக்கைக்குப் பதிலாக, பெயர் வரிசையில் முதல் 20 உறுப்பினர்களை மட்டும் திரையில் காட்ட வேண்டும் என்றால் கணக்கு தலைகீழாகிறது. 'குரூப் பை' செய்த துணை அட்டவணையோடு ஜாயின் எழுதியவருக்கு, போஸ்ட்கிரெஸ் இரவல் அட்டவணை முழுவதையும் தொகுத்து முடித்த பிறகுதான் 20 பேரைத் தரும். வெளியில் உள்ள 20 என்ற எல்லையை அந்தத் தொகுப்புக்குள் அதனால் கொண்டுசெல்ல முடியாது. உள்வினவல் எழுதியவருக்கோ, பெயரில் ஓர் இன்டெக்ஸ் (வரிசையாக அமைத்த தேடு பட்டியல்) இருந்தால் முதல் 20 பெயர்கள் வரிசையாகவே வந்துவிடும், உள்வினவல் 20 முறை மட்டும் ஓடும். உறுப்பினர் எண்ணும் தேதியும் சேர்ந்த இன்டெக்ஸ் இரவல் அட்டவணையில் இருந்தால் ஒவ்வொரு ஓட்டமும் சில தரவுப் பக்கங்களை மட்டும் தொட்டுத் திரும்பிவிடும். பெயரில் இன்டெக்ஸ் இல்லாமல் வரிசைப்படுத்தியே ஆக வேண்டும் என்றாலும், 9.6ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் செலவு மிகுந்த இத்தகைய புலங்களை, பதிவுகளை வரிசைப்படுத்தி அவற்றின் எண்ணிக்கையை 'லிமிட்' வரையறுத்த பின்னரே கணக்கிடுகிறது. ஒரே தரவு, ஒரே கேள்வி. கடைசியில் எத்தனை பதிவுகள் வேண்டும் என்பது மட்டும் மாறியது. வெற்றி ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிட்டது.

ஒன்றுக்கு மேற்பட்ட புலங்கள் வேண்டுமென்றால், எடுத்துக்காட்டாகக் கடைசி இரவலின் தேதியோடு நூலின் தலைப்பும் வேண்டுமென்றால், 2013இல் 9.3ஆம் பதிப்பில் வந்த 'லேட்டரல்' ஜாயின் இருக்கிறது. உருவில் ஜாயின், நடத்தையில் உள்வினவல் என்று அதைச் சொல்லலாம். இந்தத் தரவுத்தளத்தில் எனக்கு மிகப் பிடித்த வசதிகளுள் இதுவும் ஒன்று. 14ஆம் பதிப்பு இதற்கு மேலும் வலு சேர்த்தது: வெளிப் பதிவு ஒவ்வொன்றுக்கும் உள் அட்டவணையில் தேடும் நெஸ்டட் லூப் ஜாயினில் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால், முன்பு கிடைத்த விடையை நினைவில் வைத்துக்கொண்டு தரும் 'மெமொய்ஸ்' என்னும் படி சேர்ந்தது. 'செலக்ட்' பட்டியலின் உள்வினவலுக்கு இந்தச் சலுகை கிடையாது, 'லேட்டரல்' வடிவத்துக்கு உண்டு.

வரிசைப்படுத்தலை மட்டும் தனியாகப் பார்த்தால் போஸ்ட்கிரெஸ் நேர்மையான வேலைக்காரன். 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' என்று முன்னால் சேர்த்து வினவலை ஓட்டினால், எந்த முறையில் வரிசைப்படுத்தியது, எவ்வளவு நினைவகம் பிடித்தது, வட்டுக்குப் போக நேர்ந்ததா என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறது. 'குவிக்சார்ட்' என்று வந்தால் எல்லாம் நினைவகத்தில் முடிந்தது. 'டாப்-என் ஹீப்சார்ட்' என்று வந்தால் 'லிமிட்' இருப்பதை உணர்ந்து, தேவையான சில பதிவுகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளியது. 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்று வந்தால் நினைவகம் போதாமல் வட்டில் எழுதிச் சேர்த்தது. இந்த எல்லையைத் தீர்மானிப்பது 'வொர்க்-மெம்' என்னும் அமைப்பு. அதன் இயல்புநிலை அளவு 4 எம்பி மட்டுமே. இன்றைய சர்வர்களுக்கு இது மிகக் குறைவு என்பதே என் கருத்து. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு 1 ஜிபி என்று ஏற்றிவிடக் கூடாது. இந்த அளவு ஒரு இணைப்புக்கு அன்று, வினவலுக்கும் அன்று. செயல்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு வரிசைப்படுத்தும் படியும், இணையாக ஓடும் ஒவ்வொரு துணைச் செயல்முறையும் தனித்தனியே இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம். கனமான அறிக்கை ஓடும் பரிவர்த்தனைக்குள் மட்டும் உயர்த்திக்கொள்வது பாதுகாப்பான வழி.

13ஆம் பதிப்பில் வந்த 'இன்கிரிமென்டல் சார்ட்' அதிகம் பேசப்படாத நல்ல முன்னேற்றம். தரவு ஏற்கெனவே தேதி வரிசையில் இன்டெக்ஸிலிருந்து வருகிறது, நமக்குத் தேதியும் தலைப்பும் சேர்ந்த வரிசை வேண்டும் என்றால், முழுவதையும் மறுபடி வரிசைப்படுத்தாமல் ஒரே தேதிக்குள் அடங்கும் சிறு சிறு கூட்டங்களை மட்டும் தலைப்புவாரியாக ஒழுங்குசெய்கிறது. முதல் பக்கம் மட்டும் வேண்டியவருக்கு இதன் பயன் மிகப் பெரிது. ஒரு ஜாயினின் வெளியீடே வேண்டிய வரிசையில் வந்துவிட்டால் தனி வரிசைப்படுத்தல் தேவையில்லை என்ற எண்ணம் மிகப் பழையது. ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தளத் திட்டத்தில் பணியாற்றிய பட்ரீசியா செலிங்கரும் குழுவினரும் 1979இலேயே அதைச் செலவுக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். போஸ்ட்கிரெஸின் பிளானர் அந்த மரபில் வந்ததே. வரிசையாக உள்ள இரண்டு பட்டியல்களை ஒருசேர நடந்து பொருத்தும் மெர்ஜ் ஜாயின் சற்றுச் செலவு கூடியதாக இருந்தாலும், அதன் விடை வரிசையாக வருவதால் மொத்தச் செலவு குறையுமென்றால் அதைத் தேர்ந்தெடுக்கிறது.

இதே அறிவு ஓரிடத்தில் காலை வாரிவிடுகிறது. ஒரு கிளை நூலகத்தின் இரவல்களை மட்டும் வடிகட்டி, தேதி வரிசையில் முதல் 10ஐக் கேட்கிறோம். தேதியின் இன்டெக்ஸ் வழியே நடந்துபோனால் வரிசைப்படுத்தவே வேண்டாம், கிளையின் பதிவுகள் காலம் முழுதும் சீராகப் பரவியிருக்கும், விரைவில் 10 கிடைத்துவிடும் என்று பிளானர் கருதுகிறது. அந்தக் கிளை கடந்த மாதம்தான் திறக்கப்பட்டது என்றால், பழைய ஆண்டுகளின் இரவல்கள் அத்தனையையும் வீணாகக் கடந்த பிறகே முதல் பதிவு கிடைக்கும். 'லிமிட்' சேர்த்ததால் வினவல் மெதுவாகிவிட்டது என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். கிளை எண்ணும் தேதியும் சேர்ந்த ஓர் இன்டெக்ஸ் இந்தச் சிக்கலை வேரோடு தீர்க்கிறது. மூல மென்பொருளில் பிளானருக்குக் கட்டளையிடும் குறிப்பு வசதி இல்லை. தனி நீட்சி ஒன்று உண்டு. என்னைக் கேட்டால், குறிப்பைத் திணிப்பதைவிட இன்டெக்ஸையும் புள்ளிவிவரத்தையும் சரிசெய்வதே நிலைத்து நிற்கும்.

உள்வினவலுக்குள் 'ஆர்டர் பை' எழுதி, வெளியே அந்த வரிசை தங்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். போஸ்ட்கிரெஸ் உள்ளே எழுதியதை மதித்து வரிசைப்படுத்தத்தான் செய்யும். ஆனால் வெளியே ஒரு ஹாஷ் ஜாயின் வந்தால் அந்த வரிசை குலையலாம், குலையக்கூடாது என்று எந்த உறுதியும் இல்லை. மரியாடிபி என்னும் தரவுத்தளம், 'லிமிட்' இல்லாத உள் வரிசையைப் புறக்கணித்துவிடுகிறது. எஸ்கியூஎல் சர்வர் 'டாப்' போன்ற வரையறை இல்லாமல் அதை எழுதவே விடுவதில்லை. இறுதி விடைக்கான வரிசையை வெளி வினவலில் எழுதுவது மட்டுமே உறுதியானது. போஸ்ட்கிரெஸின் 12ஆம் பதிப்புக்கு முன், பெயரிட்டு முன்கூட்டி எழுதும் 'வித்' பகுதியின் வினவல்கள் தனியாகக் கணக்கிடப்பட்டு, வெளி நிபந்தனைகள் உள்ளே புகமுடியாதபடி தடுத்தன. இப்போது ஒருமுறை மட்டும் பயன்படுபவை வெளி வினவலோடு கலந்துவிடுகின்றன. பழைய நடத்தையை நம்பி எழுதிய வினவல்களைப் பதிப்பு மாற்றும்போது மறுபடி பார்க்க வேண்டும்.

தமிழில் பெயர்களையும் தலைப்புகளையும் சேமிப்பவர்களுக்கு வரிசைப்படுத்தலில் வேகத்துக்கு முன்பாகச் சரித்தன்மையே கேள்வி. எழுத்துகளை எந்த வரிசையில் வைப்பது என்ற விதியே ஒழுங்கு; 'சி' என்னும் ஒழுங்கில் அமைத்த தரவுத்தளம் யூனிகோடு எண் வரிசையைப் பின்பற்றுகிறது. அந்த எண் வரிசையில் ந-வை அடுத்து ன-வும், ர-வை அடுத்து ற-வும் வருகின்றன; ழ-வும் ள-வும் வ-வுக்கு முன்னே நிற்கின்றன. அதனால் 'கமலம்' முன்னும் 'கனி' பின்னும் வர வேண்டிய இடத்தில் 'கனி' முந்திக்கொள்கிறது. 'பவளம்' என்பதற்கு முன்னே 'பழம்' வந்துவிடுகிறது. அகராதி பார்த்துப் பழகிய வாசகர் இந்தப் பட்டியலில் நூலைத் தேடிக் கண்டுபிடிக்கத் தடுமாறுவார். 10ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ், பல மொழிகளின் எழுத்து விதிகளைக் கொண்ட ஐசியு என்னும் மென்பொருள் தொகுப்பின் ஒழுங்குகளை ஏற்கிறது. தமிழுக்கான ஐசியு ஒழுங்கைத் தலைப்புப் புலத்துக்குக் கொடுத்தால் இவ்வெழுத்துகள் தமிழ் நெடுங்கணக்கின்படி நிற்கின்றன. இதன் ஒப்பீடுகள் 'சி' ஒழுங்கைவிடச் செலவு கூடியவைதான். ஆனாலும் அதே ஒழுங்கில் ஓர் இன்டெக்ஸ் இருந்தால் வரிசைப்படுத்தலே தேவைப்படாது. இன்டெக்ஸ் ஓர் ஒழுங்கிலும் 'ஆர்டர் பை' வேறோர் ஒழுங்கிலும் இருந்தால் அந்த இன்டெக்ஸ் வரிசைக்குப் பயன்படாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஜாயினுக்குப் பயன்படும் உறுப்பினர் எண், நூல் எண் போன்றவற்றை எண் வகையிலேயே வைத்துக்கொண்டு, மனிதர் கண்ணுக்குக் காட்டும் புலங்களுக்கு மட்டும் தமிழ் ஒழுங்கைக் கொடுப்பதே என் பரிந்துரை.

விலை என்று எதுவும் இல்லை. உரிமம் தாராளமானது, வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. 2025இல் வந்த 18ஆம் பதிப்பு ஹாஷ் முறை செமி ஜாயினில் எந்த அட்டவணையை ஹாஷ் செய்வது என்பதில் கூடுதல் சுதந்திரம் தருகிறது. அதில் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' தொட்ட பக்கங்களின் எண்ணிக்கையையும் கேட்காமலே காட்டுகிறது. 17இல் இருப்பவர்கள் இவற்றுக்காக அவசரப்பட வேண்டியதில்லை. 11 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் தாமதிக்கக் கூடாது. மாறும்போது இயங்குதளமும் சேர்ந்து மாறுகிறதென்றால், உரைப்புலங்களின் இன்டெக்ஸ்களை மீண்டும் கட்டிவிடுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை மென்பொருள் தொகுப்பான ஜிலிப்சியின் 2018இல் வந்த 2.28ஆம் பதிப்பு எழுத்துகளின் வரிசையை மாற்றியதால், பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸ்கள் இருக்கும் பதிவையே இல்லை என்று சொல்லும் நிலைக்குப் பல தரவுத்தளங்கள் ஆளாயின. ஐசியு பதிப்பு மாறும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒழுங்கின் பதிப்பு பொருந்தவில்லை என்று போஸ்ட்கிரெஸ் எச்சரித்தால், முதலில் 'ரீஇன்டெக்ஸ்' ஓட்டி, அதன் பின்னரே பதிப்பு எண்ணைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும்.